கவர்னர் கேட்டபோது நான் ஆட்டிய தலை

தொண்ணூறுகளின் பின்பாதியில் நடந்தது இது. அப்போது நாங்கள் பெங்களூர் மர்பி டவுனில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். எதிரே ஒருவர் குடத்தோடு வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அத்தனை அகலம்தான். அந்தச் சந்துக்குக் கவர்னர் வரப் போகிறார் என்று ஒருநாள் சொன்னார்கள்.

"கவர்னரா? நம்ம சந்துக்கா? வழி தப்பி வந்தாத்தான் உண்டு" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் மறுநாளே கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து சாக்கடையை வாரினார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். பக்கத்துத் தெருவில் கட்டிய புதுப் பால்வாடியைத் திறக்கக் கவர்னர் வருகிறாராம். அப்படியே ஏழை வீடு ஒன்றுக்குள் போய் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து காபி குடிப்பாராம். அந்த ஒரு வீடாக எங்கள் வீட்டை எடுத்தார்கள். எங்களிடம் விசேஷம் ஒன்றும் இல்லை. சந்தில் நுழைந்ததும் முதல் வீடு, வாசல் கொஞ்சம் அகலம். வெள்ளை அடிக்க வந்தவர்கள்கூட எங்கள் வீட்டோடு நிறுத்திக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுச் சுவர் பழையபடி கறுத்தேதான் இருந்தது.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். காலால் மிதிக்கிற தையல் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு ஜாக்கெட், பாவாடை என்று தைத்துக் குடும்பத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு சந்துக்குள் எத்தனை ஜாக்கெட் வந்துவிடும்? அரசாங்க ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு யூனிபாரம் தைக்கிற வேலையை வீட்டில் இருக்கும் பெண்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு தடவை மனு போட்டிருந்தாள். பதிலே வரவில்லை.

கவர்னர் வருவதற்கு நான்கு நாள் முன்பு ஒரு ஆபீசர் வீட்டைப் பார்க்க வந்தார். பாயும் டிரங்குப் பெட்டியும் தவிர எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. அவர் கன்னடத்தில் முணுமுணுத்துவிட்டுப் போனார். அது போதும், சந்து முழுக்க மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து மர நாற்காலி வந்தது. ஒரு வீட்டிலிருந்து டேபிள் ஃபேன். கல்யாணத்துக்கு வந்து பிரிக்காமலே வைத்திருந்த பெட்ஷீட், பீங்கான் கோப்பை, கண்ணாடி பொம்மை என்று ஒவ்வொருவரும் தங்களிடம் இருப்பதில் நல்லதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்தார்கள். ஏழை வீட்டைப் பார்க்க வருகிறவருக்கு ஏழை வீட்டைக் காட்டக் கூடாது என்பதில் எங்கள் சந்தே ஒன்றாக நின்றது.

மறுபடி வந்த ஆபீசருக்குத் திருப்தி. "ஏதாவது கைத்தொழில் செய்கிற மாதிரி இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். அவருக்கு அதில் ரொம்ப ஆசை" என்றார். பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் வந்தாள்.

"அக்கா, என் மிஷின உன் வூட்ல வெச்சிக்கலாம். பாத்தா யாரு இன்னான்னு கேப்பாரு இல்ல? நான் பக்கத்துலயே நின்னுகினு மனுவ கையில குடுத்துட்றேன். ஆபீசுக்குப் போட்டா குப்பைக்குத்தான் போவுது. இவர் கைக்குப் போனா போவாது."

"தாராளமா வெச்சிக்கோம்மா" என்றேன்.

மிஷினுக்கு ஒரு வெள்ளைத் துணி உறை வைத்திருந்தாள். அதில் பச்சை நூலால் கிளி ஒன்று பூவேலை செய்திருந்தாள். அதைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து மாட்டினாள்.

அந்த நாளும் வந்தது. காலையிலேயே போலீஸ் வந்துவிட்டது. ஒரு நாய் வந்து எங்கள் அரிசி டின்னைக்கூட முகர்ந்து பார்த்தது. காபிக்குப் பாலை அவர்களே கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் யார் யார் இருக்கலாம் என்று ஒரு லிஸ்ட் இருந்தது. அதில் என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும்தான். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "லிஸ்ட்ல இல்ல, வெளியே போ" என்று போலீஸ்காரர் கையை நீட்டி மறித்துவிட்டார். எத்தனை கெஞ்சியும் கேட்கவில்லை.

அவள் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. அப்புறம் மடித்த மனுவை என் கையில் திணித்தாள்.

"அக்கா, நான் ஜன்னலாண்டயே நிக்கறேன். மிஷினு யாருதுன்னு கேட்டா என்னக் காட்டு. கூப்ட வாய் வரலன்னா இந்தப் பேப்பர நீட்டிடு. அவ்ளோதான். நீ பேசவே வாணாம்."

அவளுக்கு என்னைத் தெரியும். புது ஆள் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள். "நான் பாத்துக்கறேன், போ" என்றேன். மனுவை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கவர்னர் வயதானவர், வேறு மாநிலத்துக்காரர். உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து முதலில் அவர்தான் கும்பிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். காபியை ஒரு வாய் குடித்தார். ஃபேனைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், சிரித்தார். பிறகு எழுந்து மிஷின் பக்கம் போனார். அந்தக் கிளியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். அவரோடு வந்திருந்த வேறொரு ஆபீசர் கன்னடத்தில் கேட்டார், "ஈ மிஷின் நிம்தா அம்மா?" மிஷின் உங்களுடையதா என்று.

நான் தலையை ஆட்டினேன்.

பூவேலை நீங்களே போட்டதா என்று கேட்டார். ஆட்டினேன். இதில்தான் குடும்பம் நடக்கிறதா என்று கேட்டார். அதற்கும் ஆட்டினேன். கேமரா பளிச் பளிச்சென்று அடித்தது. கவர்னர் என் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார். ஆபீசர் நோட்டில் எழுதிக்கொண்டார். எல்லாரும் போய்விட்டார்கள். மனு என் இடுப்பில் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

கேள்வி புரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் பெங்களூரிலேயே பிறந்தவள், தமிழ் எப்படியோ கன்னடமும் அப்படித்தான். வெட்கத்தால் வாய் வரவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் தடவை ஆட்டியது வெட்கத்தால் இருக்கலாம். இரண்டாவது தடவை அப்படி இல்லை. அத்தனை பெரிய மனுஷன் என்னை மெச்சிப் பார்த்தார். அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை இன்னும் கொஞ்ச நேரம் என்மேல் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். உள்ளது அதுதான்.

கூட்டம் கலைந்ததும் அவள் ஓடி வந்தாள். ஜன்னலை ஒரு போலீஸ்காரர் முதுகு மறைத்துவிட்டதாம், ஒன்றும் தெரியவில்லையாம்.

"குடுத்தியா அக்கா?"

மறுபடியும் தலையை ஆட்டினேன்.

"இன்னா சொன்னாரு?"

"பாக்கறேன்னாரு" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். பின்னால் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். அவள் போனதும், "ஆட்டினது ஆட்டிட்ட. இனிமே வாயத் தொறக்காத. கவர்னர்கிட்டயே பொய் சொன்னவன்னு தெரிஞ்சா சும்மா உடுவாங்களா?" என்றார். மனுவை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன்.

அதற்குப் பிறகு அவள் தினமும் தபால்காரருக்காகக் காத்திருந்தாள். சைக்கிள் மணி கேட்டால் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவாள். "பெரிய எடமில்லியா அக்கா, மெதுவாத்தான் வரும்" என்று எனக்கே தைரியம் சொல்வாள். எனக்கு ஒரு ஜாக்கெட் வேறு தைத்துக் கொடுத்தாள். "என் பேரச் சொல்லி மனு குடுத்தியே, அதுக்கு" என்றாள். அதை நான் போடவே இல்லை. அளவு சரியில்லையா என்று அதற்கும் கவலைப்பட்டாள்.

இருபது நாள் இருக்கும். அவள் புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு சிவாஜிநகர் போயிருந்தாள். கவர்னரோடு வந்த அந்த ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். "உங்களுக்கு அதிர்ஷ்டம் அம்மா. கவர்னரே சொல்லியிருக்கிறார். ஹாஸ்டல் யூனிபாரம் முழுக்க உங்களுக்குத்தான். மிஷின் எங்கே?" என்றார்.

அவள் கேட்ட அதே வேலை. பக்கத்துக் கதவைக் காட்டியிருந்தால் போதும். ஆனால் ஜீப்பையும் கையிலிருந்த ஃபைலையும் பார்த்ததும் போலீஸ் ஞாபகம்தான் வந்தது. "கண்ணு சரியாத் தெரியலீங்க. இப்ப தைக்கறதில்ல" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. எனக்கு விருப்பம் இல்லை என்று ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். நான் படித்த ஐந்தாம் வகுப்பு அன்றைக்கு அதற்குத்தான் உதவியது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அரிசி டின்னிலிருந்து மனுவை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தைத்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை மிஷின்மேல் வைத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள்.

"இது என் எழுத்தாச்சே."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீசர் வந்ததையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த செருப்பை எடுத்தாள். எனக்குத்தான் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் அதைக் காலில் மாட்டிக்கொண்டு, "வா, இப்பவே போலாம்" என்றாள்.

ஆபீசில் நாற்பது மேஜை இருக்கும். அந்த ஆபீசர் எங்களைப் பார்த்ததும் எரிச்சலானார். அன்றைக்கு ஒன்று சொன்னீர்கள், அப்புறம் ஒன்று சொன்னீர்கள், இப்போது என்ன என்றார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "மிஷின் இவளுது! கிளி போட்டது இவ! நான் கவர்னர்கிட்ட பொய் சொன்னேன்!" என்று கன்னடத்தில் கத்தினேன். மேஜை மேஜையாகத் தலைகள் திரும்பின. ஒருவர் சிரித்தார்.

ஆபீசர் சிரிக்கவில்லை. ஃபைலைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். வேலையை வேறு ஏரியாவுக்கு நேற்றுத்தான் கொடுத்துவிட்டோம் அம்மா, இனி நான் என்ன செய்ய என்றார். குரல்கூட உயர்த்தவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சந்து வருவதற்கு முன்பு சொன்னாள்.

"ஆபீசுல கத்தினியே அக்கா, அதுல கால்வாசி அன்னிக்கு வந்திருந்தா போதும்."

அப்புறம் ஒரு மாதம் கழித்து அந்த ஃபோட்டோ பிரேம் போட்டு வந்தது. நடுவில் மிஷின், ஒரு பக்கம் கவர்னர், ஒரு பக்கம் நான். என் வீட்டுக்காரர் ஆணி அடிக்கச் சுத்தியல் எடுத்தார். நான் விடவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"மிஷினு நல்லா விழுந்திருக்கு. நீதான் கொஞ்சம் மறைக்கிற" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அந்த வருஷமே மிஷினைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டு, பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபாக்டரிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். இரண்டு பஸ் மாற வேண்டும். விடியும் முன்னே போய் இருட்டித்தான் வருவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டேன். அவளே கேட்டாள், "பாத்துக்கிறியா அக்கா?" என்று. அன்றைக்கும் எனக்குத் தலைதான் ஆட வந்தது. நிறுத்திக்கொண்டு, "பாத்துக்கறேம்மா" என்று வாய் திறந்து சொன்னேன். மூன்று வருஷம் பார்த்துக்கொண்டேன். அதனால் எதுவும் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்புறம் பீன்யா பக்கமே வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

அவளுடைய பெரிய பெண் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது, போனேன். அவள் என் கையைப் பிடித்து அழைத்துப்போய் சம்பந்திக்குக் காட்டினாள். "இவங்கதான் எங்க பழைய வூட்டாண்ட இருந்த அக்கா. இவங்க வூட்டுக்குக் கவர்னரே வந்திருக்காரு!" என்றாள். சம்பந்தியம்மா அதிசயமாக என்னைப் பார்த்தார். அதே மாதிரிப் பார்வை. இந்தத் தடவை சொன்னேன், "அவரு பாத்தது இவளோட மிஷினத்தாம்மா. நான் சும்மா பக்கத்துல நின்னேன்." அவள் அப்போதும் என் கையை விடவில்லை.

மன்னித்துவிட்டாளா என்று அவளிடம் கேட்க இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தலையாட்டலால் அவள் பஸ்ஸில் கழித்த வருஷங்கள்தான், யாராவது என்னைக் கொஞ்சம் உயர்த்திப் பேசும்போதெல்லாம் என் ஞாபகத்துக்கு வருகின்றன.