வெயிலுக்குக் காத்திருந்த வரைபடம்

ஐரோப்பாவில் சண்டை தொடங்கிய அந்த மழைக்காலத்தில், கல்கத்தாவில் என்னைப் போல் வெயிலுக்கு ஏங்கியவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பவானிபூரில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு பஸ்தி இருந்தது. மண்சுவரும் நாட்டு ஓடுமாக நெருக்கியடித்த குடிசைகள், நடுவில் ஒரு குளம். அதன் குறுக்கே அகலமான சாலை போடுவதென்று ஒரு கமிட்டி முடிவு செய்திருந்தது. குடிசைகளை இடிப்பார்கள். இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்பதைப் பற்றி அவர்கள் காகிதங்களில் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள் அந்தப் பஸ்திக்காரி. என் வயதுதான், ஆனாலும் என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பாள். கணவனுக்குச் சணல் மில்லில் வேலை. துர்க்கா பூஜை கழிந்ததும் அவளுக்குப் பிரசவம். முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. "ஒழுகினாலும் வீடு வீடுதானே, தீதி. தெருவில உட்கார்ந்து பெத்துக்க முடியுமா?" என்று வங்காளியில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அண்டாவைத் தேய்த்தாள்.

அப்பா ஒரு எஞ்சினியரிங் கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன். கண்ணில் புரை விழ ஆரம்பித்ததால் அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் படங்களை நான்தான் வரைந்து கொடுத்தேன். மிஷன் பள்ளியில் வடிவியலும் சித்திரமும் படித்திருந்தேன். சர்வே வகுப்பில் பெண்ணைச் சேர்க்க மாட்டோம் என்றதால் அந்தப் பாடப் புத்தகத்தை வாங்கி வைத்துப் படித்தேன்.

கமிட்டியில் இருந்த ஒரு வயதான டாக்டர் அப்பாவுக்குப் பழக்கம். அவர் சொன்னார்: "இடிக்காதே என்று கேட்டால் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள். பதிலுக்கு என்ன கட்டலாம் என்று படம் கொண்டு வாருங்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிரதி இருக்க வேண்டும்."

நான் எதையும் வரிசைப்படுத்தித்தான் யோசிப்பேன். முதலில், குளத்தை மூடக்கூடாது. மழைநீருக்குப் போக வேறு இடமில்லை. சாலையைச் சற்று வளைத்தால் குளம் தப்பும். அடுத்து, இரண்டு அடுக்காக அறைகள், நடுவே முற்றம், அதில் குழாய். தெற்குக் காற்று நுழைய முற்றத்தின் தென்பக்கம் திறந்திருக்க வேண்டும். இடிக்கிற ஓடும் மூங்கிலும் தாழ்வாரத்துக்கு ஆகும். கடைசியாக அடுப்பு. மாலையில் எல்லோரும் வாளி அடுப்பைச் சந்தில் வைத்து நிலக்கரியை மூட்டி, புகை அடங்கியபின் உள்ளே தூக்கிப் போவார்கள். அதற்காக வடக்கு ஓரத்தில், புகை வீடுகளுக்குள் திரும்பாத இடத்தில், ஒரு பொது மேடை போட்டேன்.

பாத்திரம் தேய்க்க வந்தவள் ஈரக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "இதுல என் ரூம் எது?"

"உனக்கு எது வேணும்?"

"மேடைப் பக்கம் வேண்டாம். அங்கே எல்லாச் சண்டையும் காதுல விழும்." குளத்தைப் பார்த்த மூலை அறையைக் காட்டினாள்.

"கட்டறதுக்கு முன்னாடியே குடித்தனம் வந்தாச்சு பாரு," என்றார் அப்பா.

இந்தத் தொழிலில் படத்தைக் கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியில் கறுப்பு மையால் வரைவோம். அதன் கீழே மருந்து பூசிய காகிதத்தை வைத்துக் கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் காட்டி, பிறகு காகிதத்தைத் தண்ணீரில் அலசினால், நீலத்தில் வெள்ளைக் கோடுகளாகப் பிரதி பதியும். வெயில் இல்லாவிட்டால் பிரதி இல்லை. துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கஞ்சி கரைந்து கோடு கலங்கிவிடும். வேலை முடிந்த துணியை ஊறவைத்து, கஞ்சியைப் போக்கி, கைக்குட்டையோ குழந்தைச் சட்டையோ தைத்துக்கொள்வது டிராப்ட்ஸ்மேன் வீடுகளில் வழக்கம். எங்கள் வீட்டுக் கைக்குட்டைகள் எல்லாம் ஒரு காலத்தில் பாலங்களும் கிடங்குகளுமாக இருந்தவை.

வெள்ளிக்கிழமை படத்தை முடித்தேன். அன்று மழை. சனிக்கிழமை மேகமூட்டத்தில் எடுத்த பிரதிகள் அலசிய தண்ணீரோடு போய்விட்டன. அப்பாவின் கம்பெனியே அந்தச் சாலைக்கு வேலை செய்ததால் அங்கே உதவி கேட்க வழியில்லை. கையால் ஒவ்வொருவருக்கும் வரைந்து தர நேரமில்லை.

ஞாயிறு மதியம் மேகம் விலகியது. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறி வந்தாள். ஒரு பிரதி நன்றாக விழுந்தது. இரண்டாவதை வெயிலில் வைத்தபோது தென்மேற்கு இருண்டது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்று அவள் வானத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மழை விழுந்ததும் சட்டத்தின் மேல் கவிழ்ந்து முந்தானையால் மூடினாள். துணி தப்பியது. பிரதி தப்பவில்லை.

திங்கட்கிழமை அப்பா ஒற்றைப் பிரதியோடு போனார். பெண்களுக்கு அங்கே இடமில்லை. மாலையில் அவர் டிராமிலிருந்து இறங்கி வந்த நடையே எனக்குச் சொல்லிவிட்டது.

"கமிட்டிக்காராள்லாம் பார்த்தாளா அப்பா?"

"ரோடு பிளான் எல்லார் முன்னாடியும் இருந்துது. நம்மளது ஒண்ணுதானே? டாக்டர் பக்கத்து நாற்காலிக்குக் கொடுத்தார். அவர் அடுத்தவருக்குத் தள்ளினார். அதுக்குள்ள தலைவர் வேற விஷயத்துக்குப் போயிட்டார்."

"திருப்பி வாங்கிண்டேளா?"

"அது மேல யாரோ டீ கப்பை வெச்சிருந்தா. விட்டுட்டு வந்துட்டேன்."

அதற்குப் பிறகு வெயில் வந்தது. புரட்டாசி முழுவதும் கழுவிவிட்ட மாதிரி வானம். கமிட்டியில் எல்லோருக்கும் தெளிவான பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வண்டிகள் வந்த அதே தெருவில் இடிக்கும் ஆட்களும் வந்தார்கள். பிரித்த ஓடுகளைக் குளத்தில் கொட்டினார்கள்.

அவளும் கணவனும் கங்கைக்கு அக்கரையில் மில் சுவரோரம் சாக்குத் தட்டி கட்டிக்கொண்டார்கள். கடைசி நாள் வேலைக்கு வந்தவள் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் படத்துணி பெருசா இருந்துதே. இனி உனக்கு அது எதுக்கு, தீதி? பிறக்கிறதுக்கு மேலே சுத்த ஒண்ணும் இல்லை."

துணி இருக்கும்வரை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். அது போனால் அந்த வீடுகள் எங்கேயும் இல்லை. வைத்துக்கொள்வதற்குக் காரணங்களை மனதில் அடுக்கினேன்: மறுபடி மனு, வேறு கமிட்டி, வேறு இடம், டாக்டரின் நல்லெண்ணம். எல்லாம் "ஒருவேளை". அவளுடைய மாதம் மட்டும் நிச்சயம்.

அண்டாவில் வெந்நீர் விட்டுத் துணியை அமுக்கினேன். கஞ்சி வழுவழுவென்று கழன்றது. திசை காட்டும் அம்பு முதலில் போயிற்று, பிறகு மேடை, முற்றம், குழாய். அவளும் குந்தி உட்கார்ந்து மறுமுனையைக் கசக்கினாள். பிழிந்து உதறியபோது குளத்தோரத்து மூலை அறையின் கோடுகள் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றன. அவள் கேட்ட பிறகு அந்த இடத்தில் நான் இரண்டாம் முறை மை ஓட்டியிருந்தேன்.

"இன்னும் தேய்க்கட்டுமா?" என்றேன்.

அவள் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"போதும். உறுத்தலை."