வட்டத்துக்கு வெளியே ஒரு கை

வரதராஜா அண்ணையைப் பற்றி நான் ஏற்கனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். இரண்டே வரிகள். அந்த இரண்டு வரிகளுக்காகத்தான் இப்போது இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

1976 சித்திரையில் நோபல் பார்க்கில் அவருடைய இரண்டு அறை ஃப்ளாட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. டான்டினோங்கில் ஒரு தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் குழாய் கழுவுகிற உத்தியோகம். அவருக்கு முப்பத்து நான்கு. மெல்பேர்ண் நகரத்துக்குள் ஓர் அலுவலகத்தில் நிலத்தடித் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் கீறுகிற வேலை. நல்ல உயரம், நெற்றியில் ஒரு பழைய தழும்பு, முழங்காலுக்குக் கீழே எப்போதும் புதிதாக ஒரு அடிபட்ட நீலம்.

வரைபடத்தில் அவர் எழுதும் எழுத்துகள் எறும்புத் தலையளவு இருக்கும். ஒன்றுகூடச் சரிந்து நிற்காது. என் சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊசியில் நூல் கோர்த்துத் தருவதும் அவர்தான். "தாரும் இஞ்சை, கண் தெரியாத மனுசன்" என்று என் கையிலிருந்து ஊசியைப் பறிப்பார்.

வைகாசியில் எங்கள் ஊர் கோண்டாவிலிலிருந்து பெரியப்பாவின் எயார்மெயில் வந்தது. "தம்பி சிறி, உன்னுடைய யோகராணி அக்காவுக்கு ஓர் இடம் பேசி வந்திருக்கிறது. மாப்பிள்ளை உன்னோடு இருக்கிற வரதராஜாவேதான். குறிப்புப் பொருந்திவிட்டது. குடி, கூத்து, வெள்ளைக்காரத் தொடுப்பு ஏதும் உண்டோ என்று ஆளுக்குத் தெரியாமல் பார்த்து எழுது."

எங்கள் ஆட்களில் கலியாணம் பேசுவது அப்படித்தான். மாப்பிள்ளை உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அந்த மூலையில் நம்மாள் ஒருவன் இருப்பான். அவன் ஒரு கடிதம் போடுவான். அதற்கு மேல் பேச்சில்லை. அந்த நியமனம் எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று மாதம் பிந்திக் கப்பல் தபாலில் வரும் சிறுபத்திரிகைகளைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிறவன் நான். புதுக்கவிதை வாசிக்கிறவனுக்கு மற்றவர்கள் காணாதது தெரியும் என்று மனதாரவே நம்பியிருந்தேன். கூட்டங்களில் மூலைக் கதிரையைத் தேடிப்போய் இருந்து ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பொழுதுபோக்கு. இனி அதுவே கடமை.

ஆனி மாதம், நம்மாட்கள் வழக்கமாகக் கூடுகிற விமலாதேவி அன்ரி வீட்டில் அவருடைய மகளின் பிறந்தநாள். ஞாயிறு மத்தியானச் சாப்பாடு. அவருடைய கணவர் விக்னராஜா அங்கிள் வாசலில் நின்று, "வாரும் வரதராஜா, வாரும்" என்று கையை நீட்டினார். அண்ணை அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "எப்பிடி அங்கிள் சுகம்?" என்று கேட்டார். நீட்டிய கையை மட்டும் தொடவில்லை. அங்கிள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்துவிட்டு, தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

குசினிக்குள் அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார். "கண்டனீரோ சிறி? கை நீட்டினா மனுசன் குடுக்குதில்லை. தண்ணிக் குழாய் கீறுறவருக்கே இந்தப் பெருமையெண்டா, அணைக்கட்டுக் கட்டுறவன் எங்களை வீட்டுக்குள்ளையும் விடான்."

"பெருமை எண்டு இல்லை அன்ரி..."

"அப்ப வேறை என்ன? போன முறை வடைத் தட்டு அப்பிடியே நிலத்திலை. முழங்கையாலை ஒரு தட்டு. எனக்கு வேறை சந்தேகம்." அன்ரி கட்டைவிரலை வாய்க்கு நேரே சரித்துக் காட்டிவிட்டு, பாயசத்தைக் கிண்டப் போய்விட்டார்.

மெல்பேர்ண் குளிர்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். புறப்பட்டபோது வாசல் படியில் அண்ணை என் தோளை இறுகப் பிடித்தார். தெருவில் அவருடைய இடது கை ஒவ்வொரு வீட்டு வேலியையும் தடவிக்கொண்டே வந்தது. யாரோ விட்டிருந்த குழந்தை வண்டியில் மோதி, அதனிடம் "சொறி" என்று மன்னிப்புக் கேட்டார். நான் பின்னால் நடந்தபடி எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது படம். மத்தியானக் காட்சி, வெளியே நல்ல வெயில். நாங்கள் உள்ளே போகும்போது விளக்கை அணைத்துவிட்டார்கள். அண்ணை வாசலிலேயே நின்றார். "வாங்கோ அண்ணை" என்று முன்னால் போனேன். நடு வரிசையில் ஓர் ஆசனம் வெறுமையாக இருந்தது. அவர் அதற்குப் பக்கத்து ஆசனத்தில் போய் இருந்தார். அதில் ஏற்கனவே தொப்பி போட்ட ஒரு கிழவி இருந்தாள். மடியில் ஆறடி மனிதன் வந்து இறங்கியதும் அவள் போட்ட சத்தத்தில் முன்வரிசை முழுக்கத் திரும்பியது. யாரோ, மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்த மணம் என்று சைகை செய்தார்கள். அண்ணை பத்துத் தரம் மன்னிப்புக் கேட்டார். நான் அவரோடு வந்தவன் இல்லை என்பதுபோல இரண்டு வரிசை தள்ளிப்போய் இருந்துகொண்டேன்.

கடைசியாகப் போத்தல். குசினி அலுமாரியில், பருப்பு போட்டு வைக்கிற ரின்னுக்குப் பின்னால், மண்ணிறக் கடதாசிப் பையில் சுற்றி ஒரு போத்தல் இருந்தது. வேலையால் வந்ததும் அண்ணை அலுமாரிக் கதவு மறைவில் நின்று ஒரு மிடறு விழுங்குவார். முகத்தைச் சுளிப்பார். உடனே ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்வார். நான் பையைத் திறக்கவில்லை, மணந்து பார்க்கவுமில்லை. திறப்பது நாகரிகமில்லை என்று நினைத்தேன். ஆளை உளவு பார்ப்பதில் எனக்கு அந்த வெட்கம் வரவில்லை.

பெரியப்பாவுக்கு எழுதினேன்: "வேறு தொடுப்பு எதுவுமில்லை. பின்னேரங்களில் கொஞ்சம் குடி பாவிக்கிறவர் போலத் தெரிகிறது, நடையில் தளம்பல்." எழுதிவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். வீண் சொல் ஒன்றும் இல்லை என்று திருப்திப்பட்டது ஞாபகம் இருக்கிறது.

ஆடிக் கடைசியில் ஒரு பின்னேரம் அண்ணை சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "கலியாணம் ஒண்டு சரிவந்தது சிறி. உமக்குச் சொல்லேல்லை. உம்மடை யோகராணியைத்தான். இப்ப வேண்டாமாம்."

"ஏன் அண்ணை?"

"நான் குடிக்கிறனானாம். ஆரோ இஞ்சையிருந்து எழுதியிருக்கினம். அம்மா வெக்கத்திலை கோயிலுக்குப் போறதை விட்டிட்டா." அவர் தலையை நிமிர்த்தி என் முகத்தைத் தேடினார். "கூட இருக்கிறனீர், நீர் சொல்லும். நான் குடிக்கிறனானே?"

"சேச்சே" என்றேன். அப்போதும் அவர் குடிப்பவர் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஒரே விஷயத்தில் இரண்டு பக்கமும் பொய்யனாக இருப்பது அவ்வளவு லேசாக இருந்தது.

"வாற புதன் என்னோடை கண்ணாஸ்பத்திரிக்கு வருவீரோ? கண்ணுக்குள்ளை மருந்து விடுவினம். தனிய வீட்டை வர ஏலாது."

கண்ணாஸ்பத்திரியில் ஓர் அறைச் சுவரில் கறுப்புத் துணி விரித்திருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அண்ணை ஒற்றைக் கண்ணை மூடி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கறுப்புக் குச்சியின் நுனியில் ஒரு வெள்ளை மணியை வைத்து, துணியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகர்த்தினாள். மணி தெரிந்ததும் "நவ்" என்று சொல்ல வேண்டும்.

மூலைக் கதிரையில் இருந்த எனக்கு மணி தொடக்கத்திலேயே தெரிந்தது. அண்ணை சும்மா இருந்தார். மணி பாதி தூரம் வந்தது. இன்னும் வந்தது. எனக்கு வாய் துடித்தது. பொட்டுக்குக் கிட்ட வந்த பிறகுதான் "நவ்" என்றார். அவள் துணியில் அந்த இடத்தில் ஓர் ஊசி குத்தினாள். மேலிருந்து, கீழிருந்து, இடமிருந்து, வலமிருந்து. எல்லா ஊசிகளும் சேர்ந்து ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவில் ஒரு வட்டம் வந்தது. அவருடைய உலகம் அவ்வளவுதான். விக்னராஜா அங்கிளின் கையும், வடைத் தட்டும், குழந்தை வண்டியும் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்திருக்கின்றன.

திரும்பி வரும்போது ரயிலில், மருந்தால் விரிந்த கண்களைக் கையால் மறைத்துக்கொண்டு அவர் கதைத்தார்.

"எழுத்து வாசிக்கிறது, நிறம் பாக்கிறது எல்லாம் கண்ணுக்குப் பின்னாலை நடுவிலை இருக்கிற கொஞ்ச இடம். அது எனக்குத் திறம். சுத்திவர இருக்கிறதுதான் மங்கின வெளிச்சத்துக்கும், பக்கத்தாலை வாற ஆளுக்கும். அது ஓரத்திலையிருந்து செத்துக்கொண்டு வருது."

"மாலைக்கண்ணோ அண்ணை?"

"மாலைக்கண்ணிலைதான் தொடங்கினது. சத்தில்லாமல் வாறது எண்டா மருந்திருக்கு. இது பிறப்போடை வந்தது. அம்மாவும் ஐயாவும் சொந்த மச்சான் மச்சாள். அதாலையும் இருக்கலாமாம்."

"சுத்திவரக் கறுப்பாத் தெரியுமோ?"

"உமக்கு உம்மடை முதுகுக்குப் பின்னாலை கறுப்பாவோ தெரியுது?"

நான் யோசித்துப் பார்த்தேன். கறுப்பு இல்லை. எதுவுமே இல்லை.

"அதுதான்" என்றார். "இல்லாதது இல்லாத மாதிரித் தெரியாது. மோதினாப் பிறகுதான் தெரியும்." பிறகு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத குரலில், "மீனெண்ணெய் குடிச்சுப் பாக்கிறன். டொக்டர் வேண்டாம், பிரயோசனமில்லை எண்டவர். சைவக்காரன் மீனெண்ணெய் குடிக்கிறதை விமலாதேவி அன்ரி கண்டா என்ன சொல்லுவா?"

பருப்பு ரின்னுக்குப் பின்னால் இருந்த போத்தல். ஏலக்காய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பியிருக்கத் தேவையில்லை, பக்கத்தில் இருந்த என் முகம் அவருக்குத் தெரிந்திராது. அது நினைவுக்கு வந்ததும் இன்னும் கேவலமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் ஒரு மடித்த தாளைக் காட்டினார். யோகராணி அக்காவுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதம். முதல் பக்கத்தில் கண்ணின் குறுக்குவெட்டுப் படம். வெளியே தெருவில் நிற்கிற ஒரு விளக்குக் கம்பம், அதிலிருந்து புறப்படும் வெளிச்சக் கோடுகள், வில்லையில் வளைந்து ஒன்றையொன்று வெட்டிப் போய், பின்சுவரில் அதே கம்பம் தலைகீழாக. பின்சுவரின் ஓரங்களில் நெருக்கமாகச் சரிகோடுகள் போட்டிருந்தார். எறும்புத் தலை எழுத்தில், "இந்த இடங்கள் வேலை செய்யாது. நடுவும் ஒருநாள் போகலாம். யோசித்து நீங்களே முடிவு சொல்லுங்கோ."

"மூண்டு கிழமையா எழுதினனான்" என்றார். "அவவுக்கு நான் சொல்லி, அவ வேண்டாம் எண்டிருந்தா அது வேறை. இப்ப ஒரு குடிகாரன்ரை கடிதத்தை ஆர் திறப்பினம்?"

இரண்டு நாள் எனக்கு இந்தக் கணக்குத் தீரவில்லை. குடி பொய் என்று எழுதினால், பிறகு நடை ஏன் தளம்பியது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் அவருடைய கண். அதைச் சொல்ல நான் யார்? மூன்றாம் நாள் பின்னேரம் குசினியில் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அந்தக் கடிதம் எழுதினது நான்தான் அண்ணை."

கத்தி நின்றது. என்னைக் கண்டுபிடிக்க அவர் தலையை மெல்ல இடமிருந்து வலமாகத் திருப்ப வேண்டியிருந்தது. அந்த நேரம் போதும் எனக்கு, தப்பி ஓடலாம் என்று நினைக்க.

"நீரோ?"

"ஓம்."

"போத்தலைத் திறந்து பாத்தனீரோ?"

"இல்லை."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவர் மறுபடி வெங்காயத்தை உரித்தார். கண்ணைத் துடைத்தார், வெங்காயம்தான் என்று வைத்துக்கொண்டேன். பிறகு அறைக்குப் போய் அந்த மடித்த தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"உங்கடை பெரியப்பாவுக்கு எழுதுங்கோ. குடியில்லை, கண் எண்டு எழுதுங்கோ. இதையும் வைச்சு அனுப்புங்கோ."

அதுவரை "நீர்" என்றவர் அன்றிலிருந்து "நீங்கள்" என்றார். தேத்தண்ணி போட்டால் எனக்கும் ஒரு கோப்பை போட்டார். "நீங்கள் குடிக்கிறீங்களோ?" என்று மரியாதையாகக் கேட்டார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இம்முறை நாலு பக்கம் எழுதினேன். பெரியப்பாவின் பதில் புரட்டாதியில் வந்தது. "குடியில்லை என்று வரதராஜாவின் தாயாருக்கு நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். மனிசி இப்போது கோயிலுக்கு வருகிறா. ஆனால் தம்பி, குடியென்றால் கலியாணத்துக்குப் பிறகு திருத்தலாம் என்று பெரியம்மா ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தவள். இது பிள்ளைகளுக்கும் வருகிற விஷயம். எப்படியோ நீ முதலே எழுதினது நல்லதாய்ப் போயிற்று." படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. யோகராணி அக்கா அதைப் பார்த்தாளா என்று இன்றுவரை தெரியாது. மற்ற வரிகளை விட்டுவிட்டு, தாயார் கோயிலுக்குப் போகிற செய்தியை மட்டும் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன்.

"அது காணும், போதும்" என்றார்.

அடுத்த குளிர்காலம் முழுக்க ஸ்டேஷனிலிருந்து அவருக்கு இடது பக்கமாக நடந்து வந்தேன். அவர் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எப்போது "நீங்கள்" மறுபடி "நீர்" ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதில் சந்தோஷம்.

எழுபத்தெட்டு தையில் சிட்னியில், பிளாக்டவுன் பக்கம் எனக்கு வேலை கிடைத்தது. புறப்படுகிற மத்தியானம் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "போட்டு வாறன் அண்ணை" என்று கையை நீட்டினேன். எல்லாரும் நீட்டுகிற உயரத்தில், இடுப்பளவில். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். என் கை அந்தரத்தில் நின்றது. எல்லாம் தெரிந்த பிறகும் அங்கேதான் நீட்டியிருக்கிறேன்.

மடக்கிக்கொள்ளலாம், அவருக்குத் தெரியவே வராது. மடக்கவில்லை. மெல்ல உயர்த்தினேன், வயிற்றுக்கு, நெஞ்சுக்கு, கழுத்துக்கு. மோவாய்க்கு நேரே வந்ததும் அவருடைய கண் அசைந்தது.

"நவ்" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.