வாசல் காவல்காரருக்குத் தையில் தங்கச்சி கல்யாணம்

ஜல்லிக்கட்டில் மைக் பிடிப்பவன் நான். வாடிவாசலில் மாடு வருவதற்கு முன்னால் ஒரு சீட்டு என் கைக்கு வந்துவிடும். எந்த ஊர் மாடு, யார் வீட்டு மாடு, பிடித்தால் என்ன பரிசு. அது இருந்தால் போதும், மீதியை வாய் பார்த்துக்கொள்ளும். "கொடும்பாளூர் மாடுய்யா, போன வருசம் ஒருத்தனையும் கிட்ட விடல, தொட்டுப் பாரு, அண்டா ஒனக்கு!" என்றால், அந்த மாட்டை அதுவரை பார்த்தே இராதவனும் கேலரியில் எழுந்து நிற்பான்.

வைகாசியோடு அந்த வேலை முடிந்துவிடும். அதனால் புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டுப் போட்டி என்று கூப்பிட்டதும் போய்விட்டேன். நடத்துகிறவர் தெளிவாகச் சொன்னார்: "காலைல பேசிப் பாருங்கண்ணே. கூட்டம் நின்னா மதியம் பைனலுக்கும் நீங்கதான். நிக்கலேன்னா பாட்டுப் போட்டுக்கிறோம்."

ஒவ்வொருவராக வந்து ஒரே ஆட்டத்தை ஆட வேண்டும். கோட்டைக்குள் சீக்கிரம் போய்ச் சேரும் நான்கு பேர் பைனலுக்குப் போவார்கள். பெரிய திரையில் ஒருவன் சுட்டுக்கொண்டே ஓடினான். என் கையில் சீட்டு இல்லை. நடத்துகிறவரிடம் கேட்டேன்.

"இவன் யாருங்க?"

"சோல்ஜர்ண்ணே."

"எந்த ஊரு?"

"ஊரெல்லாம் கெடையாது."

"எதுக்குச் சுடுறான்?"

"பொண்டாட்டியக் கொன்னுட்டாங்கல்ல, அதான்."

அந்தப் பொண்டாட்டி ஆரம்பத்தில் ஒரு நிமிடம் வருகிறாள். சிரிக்கிறாள், சாகிறாள். ஒரு வாய் சோறு போட்டாளா, எதற்காவது சண்டை பிடித்தாளா, ஒன்றும் தெரியாது. அவனும் அதற்குப் பிறகு அவளை நினைக்கவே இல்லை. அத்தனை பேரைச் சுடுகிறவன், ஒரு இடத்தில் நின்று "அவ இருந்திருந்தா" என்று ஒரு பெருமூச்சு விட வேண்டாமா? எதிரிகள் பாடு இன்னும் மோசம். சுடப்படுவதற்கென்றே வேலைக்குச் சேர்ந்தவர்கள்போல வரிசையாக வந்து விழுந்தார்கள். நான் எதைச் சொல்ல? "சுட்டான்... இன்னொருத்தனையும் சுட்டான்..." என்று பத்து நிமிடம் ஓட்டினேன். கூட்டம் எழுந்து டீ குடிக்கப் போனது. என் மதிய வேலையும் அதோடு சேர்ந்து வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

சரி, சீட்டை நாமே எழுதிக்கொள்வோம் என்று துணிந்தேன்.

அடுத்து ஆட வந்தது நர்சிங் படிக்கும் ஒரு பெண். அவள் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். "வர்றாருய்யா குடுமியான்மலைக்காரரு! பொண்டாட்டி கடைசியாக் கேட்டது ஒரு மூக்குத்தி. நாளைக்கு வாங்கித் தாரேன்னாரு. அந்த நாளைக்கு வரவே இல்லைய்யா!"

முன்வரிசையில் ஓர் அம்மா "அடப் பாவமே" என்றார். டீக்குப் போனவர்கள் டம்ளரோடு திரும்பி வந்தார்கள்.

வாய் அதோடு நின்றிருக்கலாம். கோட்டை வாசலில் ஒரு காவல்காரர் கொட்டாவி விட்டபடி நின்றார். "அந்தா நிக்கிறாரு பாருங்க, அரிமளத்துக்காரரு. தங்கச்சிக்குத் தையில கல்யாணம். அதுக்காக டபுள் டூட்டி பாக்குறாரு!"

அந்தப் பெண்ணின் விரல் நின்றுவிட்டது.

"சுடாதத்தா, சுடாத! கல்யாணம் இருக்குல்ல!" என்று மண்டபமே கத்தியது.

அவள் காவல்காரரை விட்டுவிட்டு, கோட்டையைச் சுற்றிப் போய், பின்பக்கச் சுவரேறி உள்ளே குதித்தாள். ஒரே கைதட்டல். ஆனால் நேரம் ஏகத்துக்கும் போயிருந்தது. காலை ஆட்டம் முடிந்தபோது கடைசி ஆளாகத்தான் பைனலுக்குள் நுழைந்தாள்.

நடத்துகிறவர் ஓடி வந்தார். "என்னண்ணே, ஒருத்தனையும் சுட விடமாட்டீங்க போலயே! அந்தப் புள்ள தோத்திருக்கும்." பிறகு நாற்காலிகளைப் பார்த்தார். ஒன்றுகூடக் காலியில்லை. "சரி, மதியமும் நீங்களே பேசுங்க. ஆனா எதிரிக்கு ஊரு, தங்கச்சி எதுவும் கூடாது."

பந்தியில் அந்தப் பெண் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, மதியமும் அவருதானே வாசல்ல நிப்பாரு? நான் என்ன பண்றது?"

"நீ சாப்புடு ஆத்தா. நான் பாத்துக்கிறேன்."

பைனலில் அவள் கோட்டை வாசலை நெருங்கியதும் மைக்கை எடுத்தேன். "அரிமளத்துக்காரரு பத்திரிகை வைக்க லீவுல போயிட்டாரு! இது மாத்து ஆளு. இவரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா!"

மண்டபம் சிரித்து முடிப்பதற்குள் அவள் சுட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.