ஒரே அலசலில் போன நாற்றம்

"வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ டவுன்ஷிப் முழுக்கக் கத்திக்கொண்டு போன காலத்தில், எனக்கு மட்டும் என் வீட்டுக்குள் இடமில்லை. குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஸ்கூட்டர் நிறுத்த நானே தகரம் போட்டுக் கட்டிய ஷெட்டில், ஒரு மடக்குக் கட்டிலோடு என்னைத் தள்ளிவிட்டாள் என் மனைவி. எனக்குக் கோபம்தான். ஆனால் வாயைத் திறக்க முடியாது. உள்ளே எங்கள் ஒரே மகள் எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள், மருமகன் சென்னையில் மாட்டிக்கொண்டிருந்தார். கொரோனாவின் இரண்டாம் அலை அது. கர்ப்பிணிக்கு வந்தால் தாயா, பிள்ளையா என்று கேட்பார்களாம் என்று தெருவில் ஒரே பேச்சு.

ஊரடங்கு ஊருக்குத்தான். கரன்ட்டுக்கு ஏது ஊரடங்கு? நாடெங்கும் ஆஸ்பத்திரி மிஷின்கள் ஓட வேண்டுமே. அதனால் அனல்மின் நிலையத்தில் எங்களுக்கு ஷிப்ட் நிற்கவில்லை. எனக்கு நிலக்கரியைக் கொட்டிவைக்கும் யார்டில் வேலை. எங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெயிலில் குவிந்து கிடந்தால், யாரும் கொளுத்தாமலே உள்ளுக்குள் கனிந்து புகையும். புகைகிற இடத்தைத் தேடித் தேடித் தண்ணீர் அடிக்க வேண்டும். பாதி வெந்த ஈரக்கரியும் கந்தகமும் கலந்த அந்த நாற்றம் யூனிஃபார்மில் ஏறினால் லேசில் இறங்காது.

என் மனைவி திருவதிகைப் பக்கத்துக்காரி. கல்யாணமான நாளிலிருந்து அந்த நாற்றத்தைத் திட்டாமல் என் துணியை அவள் துவைத்ததே இல்லை. கொரோனா வந்ததும் அந்த நாற்றத்துக்கு ஒரு புது அர்த்தம் கண்டுபிடித்தாள்.

"நாத்தம் இருக்குற வரைக்கும் கிருமியும் ஒட்டிகினுதான் இருக்கும். அது போனாதான் இது போச்சி."

எந்த டாக்டரும் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுவே சட்டமாகிவிட்டது. நான் ஷெட்டுக்கு வெளியே இருக்கும் வாளியில் துணியைப் போடுவேன். அவள் சுடுதண்ணீர் ஊற்றி அலசுவாள், மாஸ்க்கை இறக்கிவிட்டு முகர்வாள், என்னையும் யார்டையும் சேர்த்துத் திட்டுவாள், மறுபடி அலசுவாள். முகர்வதற்காக மாஸ்க்கை இறக்குகிறாயே என்று ஒருநாள் கேட்டேன். அன்றைக்கு எனக்கும் சேர்த்து அலசல் கிடைத்தது.

பயப்படக் காரணம் இருந்தது. யார்டில் என்னோடு தண்ணீர் அடித்தவன் பக்கத்து ஊரான வடக்குத்துக்காரன், கான்ட்ராக்ட் ஆள், இளவயசு. ஒருநாள் இருமினான். "மைன்ஸ் இருமல்தாண்ணே" என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம். கரித்தூளைத் தின்கிற ஊரில் யார்தான் இருமவில்லை? அந்த வாரமே அவனைத் துணி சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் பட்ட பயம் கொஞ்சநஞ்சமல்ல. இருமல் வந்தால் தண்ணீரைக் குடித்து அடக்குவேன். ஜன்னலில் மகள் தெரிந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஒரு சாயங்காலம் வழக்கம்போல் வாளியில் துணியைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அலசுகிற சத்தம் ஒரு தடவைதான் கேட்டது. திட்டு வரவில்லை.

"என்னாங்க, இன்னிக்கு ஒரே அலசுல போயிடுச்சி! வேற எடத்துல வேல குடுத்துட்டாங்களா?"

குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நொடி. ஆனால் அன்றைக்கு யார்டில் எழுந்த புகை என் கண்ணை விட்டே அப்போதும் போயிருக்கவில்லை. எழுந்துபோய், கொடியில் போட்டிருந்த சட்டையை எடுத்து முகர்ந்தேன். நாற்றம் அப்படியே இருந்தது.

"நல்லா மோந்து பாத்தியா?"

"பாத்தேங்க. ஒண்ணுமே இல்ல."

"காலையில காப்பி மணம் தெரிஞ்சுதா?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். எதற்கோ சமையலறைக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"உள்ள போவாத!"

அத்தனை வருஷத்தில் அவளை நான் அப்படி அதட்டியதில்லை. திரும்பிப் பார்த்தவளுக்கு அப்போதுதான் விளங்கியது. "அவ பக்கத்துலதாங்க படுத்துகினு இருந்தேன். மத்தியானம் சோறு பெசஞ்சி ஊட்டினேனே" என்றாள். அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே இடம் மாறினோம். அவள் ஷெட்டுக்கு, நான் உள்ளே. மூன்று பேருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். அதுவரை எப்படிப் பொறுப்பது? மகளிடம் காப்பித்தூளை நீட்டினேன், மல்லிப்பூவை நீட்டினேன். எல்லாம் தெரிகிறது என்றாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். அவளுக்கே என் முகம் புரிந்துவிட்டது.

"அப்பா, அந்தச் சட்டைய எடுத்துட்டு வாங்க."

எட்ட நின்று நீட்டினேன். முகத்தைச் சுளித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். அவள் வாந்தி எடுக்கிற சத்தத்தைக் கேட்டு, நின்ற இடத்திலேயே கும்பிட்டேன்.

மகள் தப்பித்தாள். முடிவு வந்தபோது காகிதத்திலும் அப்படித்தான் இருந்தது, எனக்கும் இல்லை. ஆனால் அதற்குள் ஷெட்டில் அவள் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. தெருவுக்கே ஒரு ஆக்சிமீட்டர்தான். வீட்டுக்கு வீடு துடைத்துத் துடைத்துக் கைமாற்றிக்கொண்டோம். அவள் விரலில் மாட்டினால் எண் இறங்கிக்கொண்டே போனது. எங்கேயும் கட்டில் காலியில்லாத நாட்கள். ஆம்புலன்ஸுக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்தோம். உள்ளே ஒரு கட்டில் காலியானது என்று வந்து சொன்னார்கள். குணமாகிப் போனாரா, வேறு மாதிரியா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிழைத்து வந்தாள், பாதி உடம்பாக. பேத்தி பிறந்தாள். என் மனைவி குழந்தையை முதல் தடவை மடியில் வாங்கியதும் அதன் உச்சந்தலையில் மூக்கைப் புதைத்தாள். ரொம்ப நேரம் மூக்கை எடுக்கவேயில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"எப்படிங்க வாசம் அடிக்குது? மோந்து பாத்துச் சொல்லுங்க."

காலமெல்லாம் கரியை முகர்ந்த மூக்கு என்னுடையது. குனிந்து பார்த்து, "பால் வாசம்" என்றேன்.

"அப்புறம்?"

"கொஞ்சம் எண்ணெ வாசம்."

"அப்புறம்?"

மறுபடி குனிந்து முகர்ந்தேன். அவள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் ஆயாவுக்கு வாசனை திரும்பவேயில்லை. கேஸ் கசிந்தால்கூடத் தெரியாதே என்று அடுப்படிக்கு நான் எழுந்து எழுந்து போகிறேன்; அந்தப் பயம் என்னை இன்னும் விடவில்லை. யூனிஃபார்மை இன்றும் அவள்தான் துவைக்கிறாள். ஒரே அலசு. நாறுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு நானும் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், அவளிடம் சொல்வதில்லை. சாயங்காலம் வந்து வாளியில் துணியைப் போட்டதும் உடனே உள்ளே போகமாட்டேன். பழக்கதோஷத்தில் அவள் சட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோவாள். ஒரு திட்டு வந்துவிடாதா என்று கதவோரம் நிற்பேன்.