சொல்லிவிட்டு வந்த சத்தங்கள்

மிக்ஸியைத் தொடுமுன் வழக்கம்போல, "போடப்போறேன்" என்றேன். புத்தூரில் டாக்டராக இருக்கும் என் மகள் சிரித்தாள். "நம்ம ரெண்டு பேர்தானே இருக்கோம், யாருக்கும்மா சொல்றீங்க?"

அது அத்தை வீட்டுப் பழக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் பாலக்கரையில் எங்கள் அப்பா, கோபம் வந்தால் கையில் கிடைத்த பாத்திரத்தை வீசுவார். அவருடைய அக்காதான் என்னை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு தட்டு உருண்டால்கூடக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவேன். அத்தை காரணம் கேட்கவில்லை. வீட்டின் வழக்கத்தையே மாற்றிவிட்டாள். "கண்ணு, குடத்தை இறக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறக்குவாள். மாமாவும் தாழ்ப்பாளைத் தொடுமுன் வாசலில் நின்று, "நான்தாம்மா வரேன்" என்பார்.

ஒருநாள் என் கையிலிருந்தே பித்தளைக் குடம் நழுவி முற்றமே அதிர்ந்தது. அத்தை குடத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தாள். அவை காதுக்குப் போகவில்லை. "நசுங்கினா நசுங்கட்டும்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மகள் சொன்னாள்: "சின்ன வயசுல பயந்துகிட்டே இருந்தா, வளர்ற மூளை எப்பவும் ஆபத்தையே எதிர்பார்க்கப் பழகிடும்மா. உங்க அத்தை அதைச் சமநிலைக்குக் கொண்டுவந்திருக்காங்க."

பிறகு அடுப்பருகே போனாள். எண்ணெய் காய்ந்திருந்தது.

"அம்மா, கடுகு போடப்போறேன்" என்றாள்.