பேச்சியம்மாவின் சிவப்பு மருந்து

பேச்சியம்மாவுக்கென்று கடல் கடந்து வந்த மருந்தைக் குடித்துத் தீர்த்தவன் நான்! எனக்கு அந்த நோய் கிடையாது. ருசியாக இருந்தது... அவ்வளவுதான்.

எழுபதுகளில், போடிமெட்டுக்கு மேற்கே இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் நான் கம்பவுண்டர். டாக்டர் புதன்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் நான்தான் டாக்டர் என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டு, ஓட்டை ஸ்டெதஸ்கோப் ஒன்றைக் கழுத்தில் மாட்டித் திரிவேன்.

கொழுந்து பறிக்கும் வயதான பெண்களுக்கு நீர்க்கடுப்பு தீராத தொல்லை. ஏன் தெரியுமா உங்களுக்கு? சரிவில் ஒதுங்க மறைவிடம் இல்லை. கீழே மேற்பார்வைக்குக் கங்காணி நிற்பார். அதனால் மலை ஏறும் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். பேச்சியம்மாவுக்கோ கடுப்பு மாதந்தோறும் தவறாமல் வரும் விருந்தாளி.

வெளிநாடு போய்வந்த மேனேஜர் மனைவி ஒரு புட்டியைக் கொடுத்தார். கிரான்பெர்ரி என்ற பழத்தின் சாறாம். அங்கே வயதான பெண்கள் குடிப்பார்களாம். “பேச்சியம்மாவுக்குக் கொடுங்க. இது திரும்பத் திரும்ப வராம இருக்கத்தான். வந்துட்டா டாக்டர்கிட்டத்தான் அனுப்பணும்” என்றார்.

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். முகம் கோணியது. சர்க்கரை போட்டேன்... ஆகா! சாற்றோடு சேர்த்து அவர் சொன்னதையும் விழுங்கிவிட்டேன்.

“ஏ கம்பவுண்டரு! தொரசானி எனக்கு என்னமோ செவப்பு மருந்து குடுத்தாகளாமே, எங்கய்யா?” என்று பேச்சியம்மா வந்து நின்றார்.

“நாளைக்கு வாங்க, கலக்கணும்.”

கலக்கினேனே! கொல்லையில் நின்ற புளிச்சக்கீரைச் செடியின் சிவந்த காய்களைக் கொதிக்கவைத்து, சர்க்கரை சேர்த்து, அதே புட்டியில் ஊற்றினேன். “ஒரு கரண்டி மருந்துக்கு ஒரு செம்புத் தண்ணி குடிக்கணும். இல்லேன்னா வேல செய்யாது” என்று மிரட்டியும் வைத்தேன். போலி மருந்துக்கும் ஒரு பத்தியம் வேண்டாமா?

என்ன கூத்து... கடுப்பு குறைந்தது! வேலை செய்தது தண்ணீர். பேர் வாங்கியவன் நான். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்களெல்லாம் வரிசை கட்டினார்கள். “கம்பவுண்டர் மருந்து குடிச்சிருக்கோம், ஒதுங்கியே ஆகணும்” என்று அவர்கள் சொன்னால் கங்காணியே வாயை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பேச்சியம்மா நடுங்கிக்கொண்டே வந்தார். காய்ச்சல். கை இடுப்பின் பின்புறத்தைப் பிடித்திருந்தது. “நாளைக்கு டாக்டரப் பாத்துரட்டுமாய்யா?”

பார்த்தால் அவர் கேட்பாரே, இத்தனை நாளாய் என்ன குடித்தீர்கள் என்று! என் டாக்டர் பட்டம் என்னாவது?

“எதுக்கு? இன்னும் ரெண்டு கரண்டி சேத்துக் குடிங்க. சரியாயிரும்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். “நீ சொன்னா சரிதான்” என்று அவரும் சிரித்தார்.

வியாழக்கிழமை அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கொழுந்து லாரியில் ஏற்றி போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டதாம். லாரியில் அவர் தலையை மடியில் வைத்திருந்தவன் நான். அந்த வளைவுகளில் வாந்தி எடுத்தவனும் நான்தான்! நினைவு தப்பித் தப்பி வந்துகொண்டிருந்த பேச்சியம்மா, “பாவம், கம்பவுண்டருக்கு யாராச்சும் மருந்து குடுங்கப்பா” என்றார்.

பிழைத்துக்கொண்டார். பாதி ஆளாகத் திரும்பி வந்தவர், தோட்டம் முழுக்க என்ன சொன்னார் தெரியுமா? “அந்தச் செவப்பு மருந்து ஒடம்புல இருக்கப்போயித்தான் உசுரு தங்குச்சு!”

அதன்பிறகு யாருக்குக் கடுப்பென்றாலும் நானே டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனேன். “எம்புட்டு அடக்கம் பாரு!” என்று அதற்கும் புகழ்ந்தார்கள். என்ன செய்வேன் நான்?

வேலையிலிருந்து நின்று, பேச்சியம்மா சங்கரன்கோவில் பக்கம் மகளிடம் போன அன்று, பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான்.

“பேச்சியம்மா, அந்த மருந்து...”

“தெரியும்யா. அங்கன அது கெடைக்காது. நீ அதுக்குப் போயி வெசனப்படாத.” என் கன்னத்தைத் தடவினார். “ஒன்னைய மாதிரி ஒரு மகன் எனக்குப் பொறக்கலையே...”

ஏறி உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது.

அந்த ஏற்றத்தில் அந்த பஸ்ஸை வேகமாக நடந்தே பிடித்துவிடலாம். ஜன்னலோரம்தான் இருந்தார், திரும்பித் திரும்பிக் கையாட்டினார். நானும் ஆட்டினேன்... நின்ற இடத்திலிருந்தே.

இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன். இடையிடையே சிரித்திருப்பீர்கள், சிரிக்கும்படித்தானே சொன்னேன்! ஆனால், நீங்கள் பேச்சியம்மா இல்லையே.