அலமுவும் பெயர் தேய்ந்த பதக்கமும்

கூடத்தில் ஏதோ கீழே விழுந்து, கொஞ்ச தூரம் உருண்டு, சுவரில் மோதி அடங்கியது. அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த அலமுவின் கை அப்படியே நின்றது. கண்களை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை மனதுக்குள் இன்னொரு முறை கேட்டாள். வெள்ளி விழுந்தால் சற்று நேரம் பாடிவிட்டுத்தான் ஓயும். இது பாடவில்லை.

"யக்கா, அது வெள்ளி இல்ல!" என்று அங்கிருந்தே சொன்னாள்.

"கை தவறிடுச்சிம்மா, பதக்கத்தக் கீழ போட்டுட்டேன்." கூடத்தில் உட்கார்ந்திருந்த தேவகியின் குரலில் அழுகை கலந்திருந்தது. "வெள்ளி இல்லியா? கறுத்துப்போன வெள்ளின்னு சொல்லித்தானே எங்கம்மா வருசா வருசம் தேய்ச்சாங்க!"

அலமு பெரிய காஞ்சிபுரத்தில் பழைய சரிகை உருக்கும் மணிவண்ணனின் மனைவி. கிழிந்த பட்டுப்புடவைகளும் நசுங்கிய வெள்ளிச் சாமான்களும் அந்த வீடு தேடி வரும். புடவையை எரித்து, சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பது மணிவண்ணனின் தொழில். கல்யாணமான புதிதில் ஒரு நாள், உருக்குவதற்காகக் குவித்து வைத்திருந்த சாமான்களுக்குள் வட்டமான ஒரு பதக்கம் கிடந்தது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த அரசன். விளிம்பைச் சுற்றிப் பொடிப் பொடியாக இங்கிலீஷ் எழுத்து. பத்தாவது வரை படித்தவள் எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். ஓர் எண், ஒரு படையின் பெயர், பிறகு ஒரு மனிதனின் பெயர். யாரோ காதருகில் வந்து தன் பெயரைச் சொல்லிவிட்டு, போக மனமில்லாமல் நிற்பதுபோல் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுப்பில் நெருப்பு தயாராக இருந்தது. அலமு தன் காலிலிருந்த கொலுசைக் கழற்றித் தராசில் போட்டாள்.

"எடைக்கு எடை சரியாப் போச்சில்ல? இவரு என்னோட இருக்கட்டும்."

"கொலுசக் குடுத்து செத்துப்போன சிப்பாய வாங்கிக்கினாளே என் பொண்டாட்டி!" என்று புது மாப்பிள்ளை வயிறு குலுங்கச் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு, குவியலில் எது கிடைத்தாலும் முதலில் அவளிடம் காட்டிவிட்டுத்தான் நெருப்பில் போட்டான். கொலுசில்லாத காலோடு அவள் நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு என்னவோ செய்திருக்க வேண்டும்.

அப்படிச் சேர்ந்தவை இன்று ஒரு மர பீரோ முழுக்க இருக்கின்றன. பர்மா யுத்தத்தின் ஆறுமுனை நட்சத்திரம், நிஜாமின் பதக்கம், மலாயா போலீஸ்காரர் ஒருவருடையது, இலங்கையிலிருந்து வந்தது, நேபாளத்து எழுத்து பொறித்தது. போரில் கொடுத்தவை, பள்ளிக்கூடம் கட்டியவருக்கும் காலராவில் பணி செய்தவருக்கும் கொடுத்தவை. புத்தகம் வாங்கிப் படித்தாள். கல்கத்தாவிலும் பினாங்கிலும் இருக்கும் சேகரிப்பாளர்களோடு போனில் படம் அனுப்பிப் பேசிக் கற்றுக்கொண்டாள். எதையும் விற்றதில்லை.

மத்தியானத்தில் தெரு முழுக்கத் தறிச்சத்தம் ஒரே தாளமாக ஓடும்போது, அவள் அவற்றை வெள்ளைத் துணியில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். மெல்லக் கண் சொருகும். பனிமலை ஒன்று எழும். பனியில் மீசை உறைந்த ஒருவன், கிழிந்த காலுறையைத் தைத்தபடி அவளைப் பார்ப்பான். கப்பல் ஒன்று கரையை விட்டு நகரும். அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் கையசைப்பான். யாருக்கு என்று தெரியாது. இந்தக் கரையில் நிற்பவள் தான் ஒருத்திதானே என்று அலமுவும் கையசைப்பாள். விழித்துப் பார்த்தால் கன்னம் ஈரமாக இருக்கும். பெற்றவர்களும் கட்டியவளும் மறந்துவிட்ட பெயர்களையெல்லாம் ஒருத்தி உட்கார்ந்து ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் பதக்கத்துக்கு உரியவரைத் தேடிக்கொண்டு அந்த வீட்டுக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. அப்பாவின் பதக்கத்தோடு வந்த தேவகிதான் முதல் ஆள்.

காபியைக் கையில் கொடுத்துவிட்டு அலமு எதிரில் உட்கார்ந்தாள். அறுபதை நெருங்கும் தேவகி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"நான் வயித்துல இருக்கச்சே எங்கப்பா வீரபாகு வீட்ல சண்ட போட்டுக்கினு பட்டாளத்துக்குப் போனவருமா. லெட்டரு இல்ல, ஒண்ணும் இல்ல. எழுவத்தொண்ணுல வங்காளத்துச் சண்ட வந்துதே, அதுல செத்துட்டாருன்னு எவனோ கெளப்பிவுட்டான். அடுத்த தை மாசம் எங்க சித்தப்பா ஆதிகேசவன் ஆளுங்களக் கூட்டிக்கினு வந்தாரு, அம்மா வளையல ஒடைக்க, பொட்ட அழிக்க."

"அய்யோ."

"எனக்கு அஞ்சு வயசு. அம்மா தறிக்குழியில எறங்கி உக்காந்துக்கினு நெய்ய ஆரம்பிச்சிட்டாங்க. கிட்ட வந்தா நூல் ஓட்டுற நாடாக் கட்டையாலயே மண்டைய ஒடப்பேன்னாங்க. தறியில உக்காந்தவங்கள இழுக்கக் கூடாதில்ல? இருட்டுற வரைக்கும் நின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க."

தேவகியின் அம்மா காமாட்சியம்மாள் அதற்குப் பிறகும் பொட்டை அழிக்கவில்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து வீரபாகுவின் ராணுவ நண்பர் ஒருவர் வந்து இந்தப் பதக்கத்தைக் கொடுத்தார். 'குடுக்கச் சொன்னாரு' என்ற ஒரே சொல்லோடு பஸ் ஏறிவிட்டார். செத்தவனின் பொருள்தான் வீட்டுக்கு வரும், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார் ஆதிகேசவன். செத்தவர் எப்படிக் கொடுக்கச் சொல்வார் என்றாள் காமாட்சியம்மாள். கல்யாண வீடுகளில் அவளை ஒதுக்கினார்கள். பைத்தியம் என்று பெயர் வைத்தார்கள். கடைசி மூச்சு வரை அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது.

"வெள்ளிக்கிழம வருசத் திதி. அம்மா படத்துக்குப் பொட்டு வச்சா அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சித்தப்பா சொல்றாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும் அலமு. எங்கம்மா பைத்தியமா? இல்ல, அவங்க சொன்னது சரியா?"

அலமு பதக்கத்தைக் கையில் எடுத்து ரிப்பனைப் பார்த்தாள். ஒவ்வொரு பதக்கத்துக்கும் அரசாங்கம் வைத்த நிறக்கோடுகள் ரிப்பனில் இருக்கும். அதை வைத்தே பாதி சொல்லிவிடலாம். இதிலோ அரக்குச் சிவப்பு, கடுகு மஞ்சள் கரை, கரையோரம் சரிகை!

"பட்டாளத்துல சரிகை போட்ட ரிப்பன நான் பாத்ததே இல்லக்கா."

"அது அம்மா நெய்ஞ்சது. பழசு இத்துப் போச்சின்னு தூக்கிப் போட்டுட்டு, இவங்களா தறியில போட்டாங்க."

"பழசு இன்னா கலரு?"

"யாருக்குமா ஞாபகம்? ஆயுத பூசைக்குத் தறி நாடாவோட இதையும் வச்சிப் படைப்பாங்க. அதுக்கு மொத நாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாங்க பாரு, கை செவந்துடும். வெள்ளி பளிச்சினு வரலியேன்னு மறுபடியும் தேய்ப்பாங்க."

வெள்ளியே இல்லாததை வெள்ளியாக்கப் பார்த்திருக்கிறாள் அந்தப் புண்ணியவதி. முகப்பில் இருந்த உருவம் கூழாங்கல்போல் வழுவழுத்திருந்தது. விளிம்பிலிருந்த கணவனின் பெயரைக்கூட அவள் அன்பே அழித்துவிட்டது!

பின்கட்டிலிருந்து மணிவண்ணன் எட்டிப் பார்த்தான். "ராணுவ மந்திரி இன்னா சொல்றாங்க?"

"நீ கொஞ்சம் சும்மா இருய்யா. அந்த ஜன்னலத் தொற."

வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. அலமு பதக்கத்தை அந்த வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினாள். மெல்லிய காகிதத்தை மேலே போர்த்தி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தாள். விளிம்பில் முதல் எழுத்தும் கடைசி இரண்டு எழுத்தும் பனிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தன. வீரபாகுவின் எழுத்துகள்தான். முகப்பின் நிழலும் வந்தது. அதைப் பார்த்ததும் அவள் எழுந்து பீரோவைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்தாள். அதையும் அதேபோல் தேய்த்து, இரண்டு காகிதங்களையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் பொருந்தின.

அலமு காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டாள். தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். இந்த உண்மை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்ளுமே! ஆனால் எதிரில் இருந்த கண்கள் ஐந்து வயதுக் குழந்தையின் கண்களாக இருந்தன.

"அக்கா, இது சண்டையில குடுத்தது இல்ல. சொதந்தரம் வந்து இருவத்தஞ்சு வருசம் ஆச்சின்னு, அன்னிக்குப் பட்டாளத்துல வேலையில இருந்த அத்தினி பேருக்கும் குடுத்தது. எழுவத்திரண்டு, ஆகஸ்டு பதினஞ்சு."

"செத்தவங்களுக்கும் குடுப்பாங்களா?"

"இல்லக்கா. அன்னிக்கு வேலையில இருந்தவங்களுக்கு மட்டும்தான். சண்ட மார்கழி பொறக்கச்சேயே முடிஞ்சி போச்சி. உங்க சித்தப்பா தை மாசம் வளையல ஒடைக்க வந்தப்போ உங்கப்பா நல்லாத்தான் இருந்திருக்காரு. அதுக்கப்புறம் எத்தினி காலம் இருந்தாரோ, அத இது சொல்லாது. ஆனா உங்கம்மா பைத்தியம் இல்ல."

தேவகி இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அம்மா! எம்மா!" என்று அவள் கதறிய கதறலில் மணிவண்ணன் பின்கட்டிலிருந்து ஓடிவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றான். எத்தனை வருஷத்து அவமானம் அது! ஒரு நிமிஷத்தில் கரைந்து ஓடியது.

பிறகு அழுகை சட்டென்று நின்றது. தேவகி மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

"அப்போ... உயிரோட இருந்துக்கினேதான் வரல."

அலமு மணிவண்ணனிடமிருந்து சொம்பை வாங்கி அவள் பக்கத்தில் வைத்தாள். பக்கத்து வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நாட்டுக்கு உசுரக் குடுத்தாருன்னு சொல்லி வளந்தேம்மா. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்வேன். லீவு குடுத்திருப்பாங்க இல்ல, வருசா வருசம்?"

"குடுத்திருப்பாங்கக்கா."

"ஒரு ரயிலு. ஒரு பஸ்ஸு. அவ்ளோதானே?"

அலமு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ மத்தியானங்களில் கப்பலில் நின்று கையசைத்தவர்கள் எல்லோரும் திரும்பி வரத் துடித்தவர்கள் என்றே அவள் நம்பியிருந்தாள். ஒருவன் கரையைப் பார்க்காமல் முதுகு காட்டியும் நின்றிருப்பான் என்று தோன்றியதேயில்லை. அவளுக்கும் கண் நிறைந்தது.

"இத இங்கியே வச்சிட்டுப் போறீங்களா? மனசு கஷ்டமா இருந்தா..."

தேவகி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பதக்கத்தை எடுத்து, சரிகை ரிப்பனை நீவிவிட்டாள். அழுது சிவந்த முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"இன்னாத்துக்கு? அம்மா படத்துக்குப் பெருசா பொட்டு வச்சி, பக்கத்துலயே ஒரு ஆணி அடிச்சி இவர மாட்றேன். இனிமே எங்க ஓடுறாருன்னு பாக்கறேன்!"

மணிவண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். அலமு அழுதுகொண்டே சிரித்தாள்.

"சித்தப்பா வருவாரா?" என்று கேட்டாள்.

"வந்தா எலை போடுவேன். வரலன்னா ஒரு எலை மிச்சம்."

தேவகி பதக்கத்தை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் செருப்பைத் தேடி மாட்டினாள். தெருவில் ஆட்டோ ஒன்று வந்தது. அதைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். ஆட்டோ முனை திரும்பும் வரை அலமு நின்றிருந்தாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.